பாய் எடுத்தாச்சா?

கேள்வி: சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நண்பர்கள் பத்துப் பேர், பொங்கல் முடிந்ததும் ஏலகிரியில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கப்போகிறோம். முக்கியமாக எதை எடுத்துப் போகவேண்டும்?
- வாசகர், திருமுடிவாக்கம்.

பதில்: பாய்! கம்பளியை யாரும் மறப்பதில்லை, முதுகுக்கு அடியில் விரிப்பதைத்தான் மறப்பார்கள். ஏலகிரி 1,000 மீட்டருக்கு மேல் உயரம். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் முதுகிடம் கடன் கேட்கும். தார்ப்பாய், அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் ஜமுக்காளம். பிறகு கம்பளி ஒன்றே போதும்.

தை நல்ல தேர்வு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். வெளிவட்டச் சாலையில் ஏறி நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்துவிடுங்கள்.

கரியடுப்பு மட்டும் கூடாரத்துக்குள் வரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவரை எழுப்பவும் செய்யாது. அனுமதியில்லாமல் காட்டுக்குள்ளும் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களும் நண்பர்களோடு சிரித்துக்கொண்டு மலையேறியவர்கள்தான். அந்த நாளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. கூடாரத்துக்கு இடம் தரும் விடுதிகளிலேயே தங்குங்கள்.

குறட்டை விடும் நண்பரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கடைசிக் கூடாரத்தை அவருக்குக் கொடுங்கள். மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்தான். ஏறும்போதே சத்தமாகப் படியுங்கள். வள்ளல் பெயர் வரும்போதெல்லாம் டீச் செலவு யாருடையது என்று முடிவு செய்துகொள்ளலாம்.