அனுபவம் ஆளுக்கு ஐந்நூறு

மடிக்கணினியை எங்கே வைப்பதென்று தம்பிக்குத் தெரியவில்லை. மதகுக் கட்டையில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். மிச்ச இடத்தில் மண்வெட்டி கிடந்தது. கடைசியில் தன் மடியிலேயே திறந்தான். நட்சத்திர ஓட்டலில் இரண்டு நாள் பயிலரங்கம் முடித்து நேராக அதிராம்பட்டினம் வந்து இறங்கியிருந்தான். கீழே வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

"சித்தப்பா, இனிமே நெல்லு விக்கக் கூடாது. அனுபவம் விக்கணும்."

"மூட்டை என்ன விலை போகுது?"

"மூட்டை இல்ல, ஆளுக்கு. சேத்துல இறங்குற அனுபவம் 500. நாத்து நடுற அனுபவம் 700."

சித்தப்பா நிமிர்ந்தார். "நடவுக்கு ஆள் கூப்பிட்டா கூலியும் குடுத்து டீ, வடையும் நான்தான் வாங்கிக் குடுக்கணும். இவன் நட்டுட்டு எனக்கே பணம் தருவானா? ரெண்டு ஏக்கர் இருக்கு. நாளைக்கே முப்பது பேர அனுப்பு."

"அவங்க அஞ்சு நிமிஷம்தான் நடுவாங்க."

"மிச்சத்த?"

தம்பி அடுத்த படத்துக்குத் தாவினான்.

அவன் சொன்னது அத்தனையும் புருடா இல்லை. மகாராஷ்டிரத்தில் பாராமதிப் பக்கம் இருபது வருஷமாக வேளாண் சுற்றுலா நடக்கிறது. 2020-ல் அந்த மாநிலம் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. இத்தாலி 1985-லேயே சட்டம் போட்டுவிட்டது. அதை வாசிக்கும்போதுதான் தம்பி மாட்டிக்கொண்டான்.

"பண்ணையில விவசாயம்தான் முதல் தொழிலா இருக்கணும், விருந்தாளி வர்றது அதுக்குத் துணைத் தொழில்…"

"அந்த வரிய இன்னொரு தரம் படி."

படித்தான்.

"அவன் ஊர்ல மொதல்ல பயிரு, அப்புறம் விருந்தாளி. இங்க ஜூன் 12 மேட்டூரத் திறந்தாலும் கல்லணைக் கால்வாய்த் தண்ணி கடைமடைக்கு வர்றப்பதான் வரும். சில வருஷம் வராமலே போகும். வந்தவன எதுல இறக்குவ? தண்ணி வராத அனுபவம் எவ்வளவு?"

"சித்தப்பா, பாசிட்டிவா யோசிங்க. கிராமத்து மதிய விருந்து அனுபவம், தலைக்கு 250!"

"சமைக்கிறது யாரு?"

"சித்திதான்."

"பாத்திரம் கழுவுறது? முப்பது பேருக்குக் கக்கூஸ் கழுவுறது?"

தம்பி திரையில் தேடினான். வரவுக்கு நான்கு வண்ணத்தில் கட்டம் இருந்தது. செலவுப் பக்கத்தில் 'விளம்பரம்' என்று ஒரே வரி. சித்திக்கு அதில் இடமில்லை. இப்படிப்பட்ட அட்டவணை எதிலும் எந்தச் சித்திக்கும் இடம் இருந்ததில்லை.

"ஆள் வராதுன்னு நான் சொல்லலடா. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் திருவிழா வச்சப்ப கூட்டம் கூட்டமா வந்தாங்க. 174 ரக நெல்ல மீட்டவரு அவரு. ரெண்டு கிலோ விதை வாங்குறவன் அடுத்த வருஷம் நாலு கிலோவாத் திருப்பித் தரணும். வந்தவன் பாத்தது மெய்யான வயலு. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போற காருல சிலது கிழக்குக் கடற்கரைச் சாலையில நம்மளத் தாண்டித்தானே போகுது? நிறுத்து. எளநி வெட்டிக் குடு. ஊறப்போட்ட மட்டையக் கிழிச்சு உன் சித்தி கீத்து முடையிறதப் பாக்கட்டும். பங்குனி வெயில்ல உப்பளத்தக் காட்டு. காசு சித்தி கையில குடு. வேணாங்கல."

"அதான் சித்தப்பா, தென்னந்தோப்பு அனுபவம்! நல்ல போட்டோ வரும்."

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"2018 நவம்பர் 16, கஜா புயல். எங்கப்பா வச்ச தோப்பு ஒரே ராத்திரியில படுத்துருச்சு. அன்னைக்கும் கார்ல வந்தாங்கடா. விழுந்த மரத்து மேல ஏறி நின்னு படம் எடுத்தாங்க. குடிக்கத் தண்ணி இருக்கான்னு கேட்டேன். 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோல நீங்களும் விழுறீங்க'ன்னான் ஒருத்தன். என் தோப்புல, என்னத் தள்ளி நிக்கச் சொன்னான்! அந்த அனுபவத்துக்கு என்ன விலை போடுவ? சொல்லு. அதுக்கப்புறம் வச்ச தென்னம்புள்ளைங்க இப்பத்தான் பாளை விட்டுக் காய்க்குது."

தம்பி கணினியை மூடினான்.

மேல்மடையிலிருந்து யாரோ கத்தினார்கள். வாய்க்காலில் சருகையும் ஒற்றை ரப்பர் செருப்பையும் உருட்டிக்கொண்டு, நுரை கட்டி, ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தம்பி கைப்பேசியை எடுத்தான்.

"சித்தப்பா, அப்படியே நில்லுங்க, ஒரு வீடியோ…"

"மண்வெட்டிய எடுத்துட்டு வந்து மடைய வெட்டுடா மொதல்ல. அஞ்சு நிமிஷத்துல கைய எடுத்துராத."