மாற்றுச் சம்ப்பில் அளவு சென்சார்: ஒரு பன்முகப் பார்வை

இவ்வாய்வின் களம், சென்னைப் புறநகரில் ஒரு கார் பட்டறையின் வாசல். காலம், மூன்று சனிக்கிழமைகள். நெறியாளர் மெக்கானிக் பாய். புறத்தேர்வாளர் என் மனைவி. அவரை நான் நியமிக்கவில்லை; செலவுக் கணக்கு கேட்டபோது தாமாகவே அந்த நாற்காலியில் அமர்ந்துகொண்டார். காரின் எஞ்சினுக்கு அடியில் தொங்கும் எண்ணெய்ச் சட்டியை மாற்றும்போது, அதில் குடியிருக்கும் அளவு சென்சாரை என்ன செய்வது என்பதே ஆய்வுப் பொருள். இத்துறையில் முன்னாய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. முன்னோரைப் பணிவுடன் மறுக்கும் இன்பம் அதனால் பறிபோயிற்று.

முதலில் சொல்லாராய்ச்சி. அது இல்லாமல் யாரும் பட்டம் வாங்கியதில்லை. பட்டறையில் அந்தச் சட்டிக்குப் பெயர் சம்ப். சிலர் சேம்பர் என்பார்கள். ஆனால் சென்னையில் சம்ப் என்றால் வீட்டு வாசலில் மண்ணுக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. லாரி தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனதும் இரும்பு மூடியைத் தூக்கி, ஒரு கம்பை உள்ளே விட்டு, எது வரைக்கும் நனைந்திருக்கிறது என்று பார்ப்பார் என் அம்மா. எஞ்சினில் இருக்கும் டிப் ஸ்டிக்கும் இதே தத்துவந்தான். நீளத்தில் மட்டும் பேதம். பிற்காலத்தில் எங்கள் தொட்டிக்குள் ஒரு மிதவையும் சுவரில் ஒரு விளக்கும் வந்தன. மிதவை ஒருநாள் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டது. விளக்கு தொட்டி நிறைந்திருக்கிறது என்றது, குழாயில் காற்று வந்தது. அம்மா பழைய கம்பைத் தேடி எடுத்தார்.

இனி, சிக்கல் பிறந்த வரலாறு. வேகத்தடைக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் ஓர் அளவு வகுத்திருக்கிறது: 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வருகிறவர் அலுங்காமல் ஏறி இறங்கலாம். எங்கள் தெருமுனை வேகத்தடை உயரத்தில் இந்த விதியைத் தாராளமாகவே கடைப்பிடிக்கிறது. அகலத்தில் அது ஒரு தலையணை. என்னுடையது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.8 லிட்டர் டர்போ எஞ்சின் பூட்டிய பழைய செடான். வண்டியில் ஐந்து பேர், டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை. அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். மறுநாள் காலை தரையில் தோசை அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். அலுமினியச் சட்டி நெளியத் தெரியாதது, நேரே விரிசல்தான்.

சென்சாரைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். சட்டியின் அடித்தளத்தில் ஒரு வட்ட ஓட்டை. அதன் வழியாகக் கீழிருந்து மேலாக இந்தக் கருவி எண்ணெய்க்குள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்று போல்ட், ஒரு ரப்பர் வளையம், மூன்று ஒயர். உள்ளே மிதவை கிடையாது. தன் உடம்பைத் தானே, எண்ணெயின் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடேற்றிக்கொள்கிறது. பிறகு, ஆற எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணுகிறது. தாளித்த கரண்டியைத் தண்ணீரில் முக்கினால் உடனே ஆறும், காற்றில் பிடித்தால் நேரமாகும் அல்லவா, அதே கணக்கு. எண்ணெய் நிறைய இருந்தால் ஏறக்குறைய 200 மில்லி விநாடி. குறைந்துவிட்டால் 1000 வரை போகும். மூன்று ஒயரில் ஒன்று கரண்டுக்கு, ஒன்று எர்த்துக்கு. மூன்றாவது ஒயரில் அளவையும் சூட்டையும் துடிப்புகளாக மாற்றி டேஷ்போர்டுக்கு அனுப்புகிறது. சட்டிக்கு அடியில், இருட்டில், நூறு டிகிரிச் சூட்டில் நின்றுகொண்டு இத்தனை வேலை செய்யும் பிறவி இது என்று தெரிந்த பிறகு எனக்கு அதன் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

கம்பெனிச் சட்டியின் விலையைக் கேட்டுவிட்டு வெளிச்சந்தைச் சட்டி ஒன்றை வரவழைத்தேன். இரும்புத் தகடு. அடுத்த வேகத்தடையில் விரியாது, நெளியும், அது நல்லதுதான். பெட்டியைப் பிரித்துக் கவிழ்த்துப் பார்த்தால் அடித்தளம் வழவழவென்று இருக்கிறது. டிரைன் போல்ட்டுக்கு மட்டும் வழி, சென்சாருக்கு இடமே இல்லை. நான் முகம் வாடி நின்றதைப் பார்த்து நெறியாளர் சொன்னார்: "சார், சம்ப்புல ஓட்டைன்னுதான் எல்லாரும் எங்கிட்ட வருவாங்க. ஓட்டை இல்லன்னு வருத்தப்படற ஒரே ஆளு நீங்கதான்."

நன்னூல் நூலாசிரியர்க்கு எழுவகை மதங்களை வகுக்கிறது. அவற்றுள் முதலிரண்டு உடன்படலும் மறுத்தலும். பட்டறை வாசலில் முதலாவதை நான் கண்டதில்லை. சென்சார் விஷயத்தில் அங்கே நிலவும் மதங்களை அவரவர் வாய்மொழியாகவே திரட்டினேன்.

பெயர்த்து நடுவோர் மதம் நேர்மையானது. ஓட்டையுள்ள சட்டி வாங்கு, பழைய சென்சாரைக் கழற்றித் துடைத்துப் புதிய ரப்பர் வளையம் போட்டு மாட்டு, அவ்வளவே. மூன்று போல்ட்டுக்கும் 10 நியூட்டன் மீட்டர் முறுக்குப் போதும். முழங்கை பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். இதன் ஒரே குறை, என்னிடம் இருந்த சட்டியில் ஓட்டை இல்லை.

ஓட்டை போட்டு வெல்டிங் வைப்போர் அடுத்தவர். இரும்புச் சட்டிக்கு இது நடக்கிற காரியம். அலுமினியம் என்றால் ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம் போக வேண்டும். ஆனால் சூட்டில் தகடு கோணிக்கொண்டால் ரப்பர் வளையம் சமமாக உட்காராது, கசியும். இதைவிட நுட்பமான ஆட்சேபணை ஒன்று உண்டு. புதிய சட்டி பழையதைவிட ஆழமாக இருந்தால் சென்சார் அந்த அளவு கீழே இறங்கி நிற்கும். எண்ணெய் குறைந்த பிறகும் அதன் தலை முழுகியே இருக்கும்; எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

ரெசிஸ்டர் மதத்தாரைச் சீக்கிரம் கடந்துவிடலாம். பழைய வண்டிகளின் பெட்ரோல் மிதவையை அப்படி ஏமாற்றியவர்கள் அவர்கள். துடிப்பை எதிர்பார்க்கும் டேஷ்போர்டு சும்மா கிடக்கும் ரெசிஸ்டரைப் பார்த்து மயங்காது.

கட்டித் தொங்கவிடுவோர், சென்சாரைக் கழற்றாமல் ஒயரோடு ஏதாவது ஒரு கம்பியில் சேர்த்துக் கட்டிவிடச் சொல்கிறார்கள். காற்றில் தொங்கும் சென்சார் மெதுவாகத்தான் ஆறும், எண்ணெயே இல்லை என்று அலறும். இம்மதத்தின் உட்பிரிவாக ஒரு குப்பி மதம் தோன்றியிருக்கிறது. இதன் ஆசிரியர் பட்டறையின் ஹெல்ப்பர் பையன், வயது பத்தொன்பது இருக்கும். "ஒரு டப்பால ஆயில் ஊத்தி, சென்சாரை அதுக்குள்ள வச்சு மூடிக் கட்டிடலாம் சார். எப்பவும் ஃபுல்லுனே காட்டும்." நான் இரண்டு நாள் இதைப் பற்றியே யோசித்தேன். இங்கே சென்சார் பொய் சொல்வதில்லை. வேறோர் எண்ணெயைப் பற்றிய முழு உண்மையைச் சொல்கிறது. சூட்டையும் அது சொல்லுமே, ஓடுகிற எஞ்சினின் எண்ணெய் ஏன் இப்படிக் குளிர்ந்து கிடக்கிறது என்று டேஷ்போர்டு கேட்காதா என்று மறுத்தேன். சித்திரை வெயிலில் அந்த மறுப்பும் பாதி அடிபட்டுப் போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பையனுக்கு எதிர்காலம் இருக்கிறது. எந்தத் துறையில் என்பதுதான் கவலை.

கடைசி மதத்தார், விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவோர். இங்கே மட்டும் விளையாட்டை நிறுத்திக்கொள்கிறேன். பல வண்டிகளில் எண்ணெய்க் குவளைச் சின்னம் மஞ்சளாக எரிந்தால் அளவு பற்றிய செய்தி, சிவப்பாக எரிந்தால் அழுத்தம் பற்றிய செய்தி. அழுத்தத்தைப் பார்ப்பது வேறொரு சுவிட்ச்; சட்டி மாற்றுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சளோடு வீடு வரைக்கும் போய்ச் சேரலாம். சிவப்பு எரிந்தால் அந்த நொடியே எஞ்சினை அணைக்க வேண்டும். டேப்புக்கு இரண்டு நிறமும் ஒன்றுதான்.

மூன்றாம் சனிக்கிழமை சட்டி ஏறியது. எஞ்சின் அடியில் பழைய பசையைச் சுரண்டி எடுக்கவே ஒரு மணி நேரம். புதிய சிலிகான் பசையை 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில், போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக, ஒரே கோடாக இழுக்க வேண்டும். அதிகம் வைத்தால் பிதுங்கியது உள்ளே விழுந்து எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். ஐந்து நிமிடத்துக்குள் சட்டியை ஏற்றி, அரைமணி நேரமாவது கழித்து எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பது கம்பெனி விதி. நெறியாளர் அந்த அரைமணியை இரண்டு டீயாக அளந்தார். கடிகாரத்தில் பார்த்தேன், முப்பத்தைந்து நிமிடம். சென்சாரின் ஒயர் முனையில் தண்ணீர் போகாமல் டேப் சுற்றி, சைலன்சர் சூடு படாத இடத்தில் கட்டிவைத்தோம். சென்சார் இப்போது என் மேசை இழுப்பறையில், ஒரு துணியில் சுற்றி இருக்கிறது.

அன்றிரவே வாய்மொழித் தேர்வு.

"ஏங்க, அந்த மஞ்ச லைட்டு இன்னும் எரியுதே. ஆயில் இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"எப்படித் தெரியும்?"

"குச்சிய விட்டுப் பார்த்தேன்."

"அப்ப அந்தச் சென்சாரு எதுக்கு?"

புறத்தேர்வாளருக்கு விடை சொல்ல ஆய்வாளர் அவகாசம் கேட்டிருக்கிறார். பட்டம் நிலுவையில் உள்ளது. இதற்கிடையில் வாராவாரம் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, அணைத்து, சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்கிறேன். இந்த வாரம் எண்ணெய் இரண்டு குறிகளுக்கும் நடுவே நின்றது.

இருந்தாலும் சென்சாரை இழுப்பறையில் வைத்திருப்பது மனசுக்கு ஒப்பவில்லை. புதுப்பேட்டைப் பக்கம் போகிற வாசகர் யாராவது இந்த எஞ்சினுக்கான சட்டி ஒன்றைப் பார்த்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். அதில் ஓட்டை இருக்க வேண்டும். மூன்று போல்ட்டுக்கு நடுவில் மட்டும்.