நின்றபடியே வரட்டும்!

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வீடு மாறுகிறோம். அம்மாவின் பழைய வோஷிங் மெஷினை பட்டா லொறியில் படுக்க வைத்துக் கொண்டுபோகலாமா?
– வாசகி, கொழும்பு 6

பதில்: வீடு மாறிய அலுப்பில் நீங்கள் படுக்கலாம், மெஷின் படுக்கக் கூடாது! முன்பக்கக் கதவுள்ள மெஷினில் ட்ரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. கூடவே கொங்கிரீட் பாரமும் இருக்கும். சரித்தால் ஸ்பிரிங் கழன்றுவிடலாம். முதல்நாளே குழாயைக் கழற்றி மிச்சத் தண்ணீரை வடியுங்கள். ட்ரம்மை இறுக்கும் போல்ட்டுகள் இருந்தால் பின்பக்கம் பூட்டுங்கள். இல்லையேல் மேல்தகட்டைக் கழற்றி, ட்ரம் ஆடாதபடி அதைச் சுற்றிப் பழைய போர்வையைத் திணியுங்கள். சாரதியின் முதுகுப்பக்கத் தகட்டோடு நிறுத்தி, மேலும் கீழுமாக இரண்டு கயிறு கட்டுங்கள். மழைக்குத் தறப்பாள். ஞாயிறு விடிகாலையில் புறப்பட்டால் காலி வீதியும் புறக்கோட்டையும் வழிவிடும். ஓடவிடுமுன் போல்ட்டையும் போர்வையையும் எடுத்துவிடுங்கள். அம்மாவின் மெஷின் கொட்டாஞ்சேனையிலும் நெடுங்காலம் சுழலட்டும்!