தீவுக்காரரின் கப்பல் விமர்சனம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் உத்தர வீதி மாமாவுக்கு, தண்ணீரைப் பார்க்கக் கப்பல் தேவைப்படுகிறது. திருச்சியில் விமானம் ஏறினால் சிங்கப்பூர். அங்கிருந்து சொகுசுக் கப்பல். திரும்பி வந்தால் ஒரு மாதம் தெருவுக்கே விமர்சனம்தான்.

"பன்னெண்டு தினுசு பழம் வைக்கறான்டா. ஒரு டம்ளர் மோர் கேட்டா முழிக்கறான்!"

அறைப் பையன் துண்டை யானையாக மடித்துக் கட்டில்மேல் வைத்திருந்தானாம். அதில் தும்பிக்கை கோணல். கோயில் யானை ஆண்டாளைத் தினமும் பார்க்கிற கண் அல்லவா! டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்துவிடுவதுதான் பெரிய மனத்தாங்கல். கையில் கொடுக்கச் சொல்லியிருந்தால் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

சென்னையிலிருந்தே போகலாமே என்றேன். 2022 ஜூன் 4-ல் அங்கிருந்து முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய கார்டிலியா கப்பலை, சூதாட்டம் வந்துவிடும் என்ற எதிர்ப்பால், புதுச்சேரி அப்போது உள்ளே விடவில்லை என்பதையும் சொன்னேன்.

"அது இன்னும் சௌகரியம். இறங்கி ஊர் பார்க்கற சிரமம் இல்லை, ரெண்டு வேளை கூடுதலா சாப்பிடலாம்" என்றார்.

எங்கள் தீவிலேயே மாசியில் நம்பெருமாள் நாச்சியார்களோடு தெப்பத்தில் வலம் வருகிறார். கரையில் நின்று பார்க்கக் கட்டணம் இல்லை. மோர் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள்.