விலைவாசி யாருக்கு ஏறுகிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆவது பிரிவைப் படித்தால் நெஞ்சு நெகிழும். வேலை, கல்வி, முதுமையிலும் நோயிலும் அரசு உதவி. எல்லாம் உண்டு, அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு. 37-ஆவது பிரிவு நெகிழ்ச்சியைத் துடைத்துவிடும்: இதையெல்லாம் கேட்டு நீதிமன்றப் படியேற முடியாது.

அந்தச் சக்திதான் எவ்வளவு? 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியவரின் ஓய்வூதியத்துக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-லும் அதேதான். (தமிழ்நாட்டில் கூடுதலாகக் கிடைப்பது மாநில அரசு போடுவது.) முன்னாள் எம்.பி.க்கள் போகும் சந்தையில் மட்டும் விலை ஏறிவிடுகிறது போலும். பணவீக்கக் குறியீட்டோடு இணைத்து, 2025-இல் அவர்களுடைய மாத ஓய்வூதியத்தை 25,000-இலிருந்து 31,000 ஆக்கினார்கள், அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு. ஏறியது மட்டும் 6,000. தாத்தாவுக்கு அது முப்பது மாதப் பணம்.

உத்தரவாதமாகக் காசு கொடுத்தால் மக்கள் சோம்பேறியாகிவிடுவார்களாம். 31,000 வாங்கிக்கொண்டே தேர்தலுக்குத் தேர்தல் சீட் கேட்டு அலைகிறவர்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.