வட்டமாக உட்கார், திருந்திவிடுவாய்

2015 டிசம்பர் 20 அன்று டெல்லி கூட்டு வல்லுறவு வழக்கின் சிறார் குற்றவாளி, மூன்றாண்டு முடிந்து வெளியே வந்தான். திருந்தினானா என்று நாடே கேட்டது. டெல்லி அரசு பத்தாயிரம் ரூபாயும் தையல் கடைக்கு ஏற்பாடும் என்றது. கேட்டது மனசைப் பற்றி, பதில் வந்தது தையலைப் பற்றி. மூன்று வருஷமாக என்ன வைத்தியம் பார்த்தீர்கள், பலித்ததா என்று கேட்டு முடிப்பதற்குள், இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய சிறார் நீதிச் சட்டத்துக்குத் தலையாட்டிவிட்டது.

அந்தச் சட்டப்படி, 16 வயது முடிந்தவன் கொடுங்குற்றத்தில் சிக்கினால், விளைவு தெரிந்துதான் செய்தானா என்று மூன்று மாதத்துக்குள் சிறார் நீதிக் குழுமம் எடைபோட வேண்டும். குழந்தை உளவியல் தெரிந்தவர் குழுமத்தில் இல்லையென்றால் வல்லுநரைக் கட்டாயம் கேளுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் அதட்ட வேண்டியிருந்தது. சரி, பையனை அளந்தாயிற்று. அவனுக்குக் கொடுக்கிற கவுன்சிலிங்கை அளப்பது யார்? 55ஆம் பிரிவின்படி, அரசு விரும்பினால் சிறார் இல்லங்களை மதிப்பிட்டுக்கொள்ளலாம். விரும்பினால்!

அந்த இல்லங்களில் குழுச் சிகிச்சை எப்படி நடக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி, வட்டம். ராத்திரி அறை வாங்கியவனுக்குப் பக்கத்திலேயே அறைந்தவன். கதவோரம் காவலாளி. ‘மனசு விட்டுப் பேசுங்க’ என்கிறார் மேடம். ‘கோபம் வந்தா பத்து வரைக்கும் எண்ணுவேன் மேடம்ஜி’ என்கிறான் விவரமானவன். எல்லோரும் கைதட்டுகிறார்கள். காவலாளி படிவம் நீட்டுகிறார்: ‘பயனுள்ளதாக இருந்ததா?’ இல்லை என்று டிக் அடித்துவிட்டு அவன் எந்த வீட்டுக்குப் போவான்? பயன் நூற்றுக்கு நூறு. போட்டோ எடுத்தாயிற்று, அறிக்கை ரெடி.

இப்படிச் சொல்லும் பயனை ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1939-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 506 சிறுவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஐந்தாண்டுபோல ஆலோசகர், படிப்பு உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். முப்பது வருஷம் கழித்து ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப்போய்க் கேட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ‘ரொம்பப் பிரயோஜனம்’ என்றார்கள். ஆவணங்களைப் புரட்டினால், திரும்பத் திரும்பக் குற்றம் செய்ததும், குடியில் விழுந்ததும், சீக்கிரம் செத்ததும் உதவி பெற்றவர்களில்தான் அதிகம். ஒப்பிட இன்னொரு பாதி இருந்ததால் குட்டு உடைந்தது. நம்மிடம் இருப்பது டிக் அடித்த படிவம்.

டெல்லியைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம். 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துச் சிறுவன், 17 வயது, செத்துப்போனான். அடித்தே கொன்றதாக ஆறு ஊழியர்கள் கைதானார்கள். குழுவாகச் சேர்ந்து அளித்த சிகிச்சை!

வெளியே போனவன் மறுபடி பிடிபட்டால், ‘இவன் திருந்தாத ஜென்மம்’ என்று அவன் கோப்பில் ஏறும். கவுன்சிலிங் கோப்பில் ‘இலக்கு எட்டப்பட்டது’ என்று ஏறி, அடுத்த ஆண்டு நிதிக்குப் போகும்.