கேட் இல்லாத முதலாளிக்கு ஒரு வாழ்த்து

யூடியூப் ஷார்ட்ஸ் முதலாளி அவர்களே!

சென்னை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தக் கரை எத்தனையோ முதலாளிகளைப் பார்த்திருக்கிறது. துறைமுகம், மில், உர ஆலை, அனல் மின் நிலையம் என்று எது வந்தாலும் வாசலில் ஒரு கேட் இருந்தது. கேட்டில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். "எந்த ஏரியா?" என்று கேட்டு, பதில் வந்ததும் முகம் சுளித்தவர்களும் உண்டு. நீங்கள் ஏரியா கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை, பத்தாவது பாஸா என்றும் கேட்கவில்லை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்குக்குத் தடை விழுந்து, ஆடவும் பாடவும் மேடை இல்லாமல் நின்ற பிள்ளைகளை அந்தச் செப்டம்பரிலேயே அணைத்துக்கொண்டீர்கள். பெரிய மனசு. ஒருவரையும் வேலைக்கு வைக்காததால், ஒருவரையும் திருப்பி அனுப்பும் பாவம் உங்களுக்கு நேரவில்லை.

ஷார்ட்ஸ் மட்டும் போடும் எல்லோருக்கும் உங்கள் நிபந்தனை ஒன்றுதான். 1,000 சப்ஸ்கிரைபர், 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வை. அதை எட்டும்வரை விளம்பரப் பணத்தில் ஒரு பைசா கிடையாது. இந்த நாட்டில் அப்ரெண்டிஸுக்குக்கூட உதவித்தொகை கொடுக்கச் சொல்கிறது சட்டம். சம்பளமே இல்லாமல் எத்தனை மாதம் உழைக்க முடியும் என்ற தங்கள் பலத்தை எங்கள் பிள்ளைகள் உங்களால்தான் அறிந்துகொண்டார்கள்.

ஞாயிறு விடியற்காலை காசிமேட்டுக்கு வந்து பாருங்கள். விசைப்படகிலிருந்து இறங்கிய கூடைகளைச் சுற்றி ஏலம் ஏறிக்கொண்டிருக்கும். மீன் வெட்டும் அக்கா வஞ்சிரத்தின் வயிற்றைக் கீறிக் குடலை வழித்தெடுக்கும் நேரத்தில் குறுக்கே ஒரு கை போனோடு நீளும். "அக்கா, இன்னொரு தபா மெதுவா வெட்டுக்கா, லைட்டு பக்கமா." மீன் வாங்கியவர் காத்து நிற்க, அக்கா மெதுவாக வெட்டுவார். அவருக்கு வெட்டுக்கூலி உண்டு. பேரம் பேசிக் குறைத்தால் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். வீடியோவுக்குக் கூலி இல்லை. அந்தக் கையின் லாவகத்தை எங்கெங்கோ இருப்பவர்கள் பார்க்க வைத்தவர் நீங்கள். அந்தக் கைக்கு எவ்வளவு என்று பேசும் சங்கடம் யாருக்கும் வராமல் பார்த்துக்கொண்டவரும் நீங்களே.

படம் எடுத்த பையனிடம் நீங்கள் காட்டும் நேர்த்தி இன்னும் உயர்ந்தது. 2023 பிப்ரவரி 1 முதல் விளம்பரத்தில் பங்கு தருகிறீர்கள். ஷார்ட்ஸ்களுக்கு நடுவே வரும் விளம்பரப் பணத்தை மாதாமாதம் ஒன்றாகச் சேர்த்து, பார்வைக் கணக்கில் பிரித்து, அவனுக்கென்று ஒதுங்கியதில் 45 சதவீதம் கொடுக்கிறீர்கள். அவன் ஒரு பாட்டைப் பின்னணியில் போட்டிருந்தால், அந்தப் பார்வைகளுக்கான பணத்தில் பாதி முதலிலேயே பாட்டுச் செலவுக்குப் போய்விடும். மிச்சம் 100 டாலர் சேரும்வரை கைக்கு வராது. 2025 மார்ச் 31 முதல் இன்னொரு தாராளம்: வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் பார்த்தவர்தான். பணத்துக்கு மட்டும் பழைய கணக்கு. எண்ணிக்கையை வாரி வழங்கிக் காசில் சிக்கனம் காக்கும் இந்தக் கலை எங்கள் ஊர் மேஸ்திரிகள் ஒருவருக்கும் வாய்த்ததில்லை.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி எண்ணூர் முகத்துவாரத்தில் படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்த அவதியை வெளியே கொண்டுபோனதில் போன் வீடியோக்களுக்குப் பங்குண்டு. அந்த நன்றி மனசார உங்களுக்கு. ஆனாலும் பார்ப்பவர் மனம் நோகக் கூடாதே என்று அடுத்த தள்ளலில் ஒரு நடனம், அதற்கடுத்ததில் ஒரு பிரியாணி வைத்தீர்கள். எண்ணூரின் துயரம் ஒரு நிமிடத்துக்கு மேல் யாருக்கும் பாரமாகவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் கடலுக்குப் போகாத மீனவருக்கு அரசு நிவாரணம் தருகிறது. நீங்கள் அப்படிச் செல்லம் கொடுப்பதில்லை. காய்ச்சலோ பிரசவமோ, ஆறு மாதம் எதுவும் போடாத சேனலின் வருமானத்தை நிறுத்தும் உரிமையைக் கையிலேயே வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் சாதனைகளில் தலையாயது இன்னொன்று. 1918இல் பெரம்பூரில், பி அண்டு சி மில் தொழிலாளர்கள் திரண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். 1923 மே 1 அன்று தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் இந்த நகரத்துக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். என் கூலியை யார் முடிவு செய்கிறார்கள், எந்தக் கணக்கில் என்று நிமிர்ந்து கேட்ட மண் இது. அந்த மண்ணின் பிள்ளைகளை, அந்தக் கேள்வி நாக்கில் எழாமலே, ராத்திரி இரண்டு மணிக்கும் எடிட்டிங்கில் உட்கார வைத்திருக்கிறீர்கள். வெள்ளைக்கார மில் முதலாளிக்கும் கைகூடாத காரியம்.

இத்தனை பெருமை உள்ளவர் கணக்குப் புத்தகத்தை மட்டும் ஏன் மூடி வைக்க வேண்டும்? எதை ஏற்றிவிடுகிறீர்கள், எதை அமுக்குகிறீர்கள், ஒரு பார்வைக்கு எவ்வளவு என்பதை எங்கள் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் திறந்து வையுங்கள். அவர்கள் செய்வது வேலை என்று ஒப்புக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதரை உட்கார வையுங்கள். அப்போது உங்களைப் புகழ இப்படிச் சுற்றி வளைக்க வேண்டியிருக்காது.